தையல்காரரின் மூன்று லிட்டர்

என் அக்கா வீட்டுக்காரர் தையல்காரர். உதிரி பாகங்களைப் பெட்டி பெட்டியாக வாங்கி, கடைக்குப் பின்னாலுள்ள கொட்டகையில் தன் கையாலேயே ஒரு கிட் காரை உருவாக்கினார். சோதித்த ஆர்.டி.ஓ. அதிகாரி, ரோட்டில் ஓட்ட இதற்கு நம்பரே கிடைக்காது என்று கையை விரித்துவிட்டார். ஆனாலும் வருஷம் தவறாமல் இன்ஜின் ஆயில் மாற்றுகிறார். இந்த முறை டார்ச் பிடிக்க நான் மாட்டிக்கொண்டேன்.

பழைய ஆயிலை வடித்துவிட்டு, மூன்று லிட்டர் ஊற்றி நிறுத்தினார்.

“இன்ஜின் புத்தகத்துல நாலுன்னு போட்டிருக்கே, மாமா.”

“அது இந்த இன்ஜின் முன்ன இருந்த காருக்கு, மச்சான். இது தாழ்வான வண்டி. தரையில இடிக்கும்னு ஆயில் சேம்பரை வெட்டிக் குட்டையாக்கியிருக்கேன். நாலு ஊத்தினா நுரைச்சு சீல் போயிடும்.”

தரையில் இடிக்குமாம், கொட்டகையைத் தாண்டாத வண்டி. டார்ச்சை நேராகப் பிடித்தேன்.

இன்ஜினைச் சற்று ஓடவிட்டு அணைத்தார். ஆயில் கீழே இறங்கும்வரை காத்திருந்து, அளவு பார்க்கும் கம்பியான டிப்ஸ்டிக்கை உருவினார். அதில் தானே கீறிவைத்த கோட்டைத் தொடும்வரை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினார்.

அக்கா வந்து, வடித்த ஆயிலைக் குனிந்து பார்த்தாள். போன வருஷம் ஊற்றியது, இன்னும் தேன் நிறத்திலேயே இருந்தது.

“இதையே திருப்பி ஊத்தியிருக்கலாமே,” என்றாள். கிண்டலாகச் சொல்லவில்லை.

மாமா டிப்ஸ்டிக்கைத் துடைத்து, உள்ளே விட்டு, மறுபடியும் உருவிப் பார்த்தார்.

“அளவு சரியா இருக்கு,” என்றார்.