அக்காவுக்கு இரண்டு கோடி

1966 பிப்ரவரி 9, புதன்கிழமை. காலை ஆறு மணிக்கு எங்கள் மளிகைக் கடையைத் திறந்து, படிகளைத் துடைத்து வைத்து, டைரியில் ‘பனி’ என்று எழுதினேன். வேலிக்கு வெளியே இருமல் கேட்டது. இந்த மலைக் கிராமமான ஜமுனாமரத்தூரில் யாரும் கதவைத் தட்டுவதில்லை; வேலியருகே நின்று இருமுவார்கள். ரங்கூனிலோ தெருவில் நின்றே மூன்றாம் மாடிக்குக் கூவி அழைப்பார்கள். இங்கே வந்து ஒன்றரை வருடமாகியும் எனக்கு அந்த இருமல் பழகவில்லை. அக்காவுக்கு முதல் வாரமே பழகிவிட்டது. “இதோ வர்றேன்” என்று உள்ளிருந்தே குரல் கொடுப்பாள்.

அன்று குரல் வரவில்லை. உள்ளே போனேன். கஞ்சிக் கிண்ணம் ஆவி பறக்க இருந்தது. அக்கா சுவரில் சாய்ந்திருந்தாள். உடம்பில் சூடு இருந்தது; மூச்சு இல்லை. பக்கவாதத்தில் கிடக்கும் அத்தான் வாயைத் திறந்தபடி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார். கஞ்சிக்காகத் திறந்த வாய்.

பர்மாவிலிருந்து வந்து ஆளுக்கொரு ஊரில் ஒதுங்கிய நம்மவர்களில் சிலருக்கு அவளைத் தெரிந்திருக்கும். குடும்பத்தில் யாருக்கு நோய் வந்தாலும் அக்காவைத்தான் கப்பலேற்றுவோம். பினாங்கில் சித்தப்பா, கொழும்பில் அத்தை, மோல்மேனில் அப்பா. “எல்லா ஊரையும் ஜன்னல் வழியாத்தான் பார்த்தேன்” என்று சிரிப்பாள். இந்த மலையில் பிரசவ வலி கண்ட பெண்களை டோலியில் தூக்கிப் போளூருக்கு இறக்கும்போது, கூடவே நடந்துபோய் டாக்டரிடம் பேசுகிறவள் அவள்தான். யாரும் அவளைக் கேட்டுக்கொள்ளவில்லை.

எனக்கு அழுகை வரவில்லை. தூக்க நாலு பேர் வேண்டுமே என்ற ஒன்றே தலைக்குள் ஓடியது. இருமியவர் ஊர்க் கவுண்டர். மரம் ஏற்றும் லாரியில் போளூர் கொண்டுபோய், எங்கள் வழக்கப்படி எரித்துவிடலாம், ஏற்றிவிட ஆள் வேண்டும் என்று கெஞ்சினேன்.

“பொணத்த மல எறக்க மாட்டோம்” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனார். அந்நிய ஊரில் கைவிடப்பட்டோம் என்றுதான் நினைத்தேன்.

நண்பகலில் வாசல் கொள்ளாத கூட்டம். கவுண்டர் கையில் புதுச் சேலை. “குழி வெட்டியாச்சு. பொறந்த வூட்டுக் கோடி கொண்டாந்துக்கீறோம்” என்றார்.

நான் அதிர்ந்துபோனேன். இறந்த பெண்ணுக்கு உடன்பிறந்தவன் போர்த்தவேண்டிய புதுத்துணி அது. உடன்பிறந்தவன் நான் நிற்கிறேன். கோடி எடுக்கவேண்டும் என்ற நினைவே எனக்கு இல்லை.

“நான்தானுங்களே தம்பி?” என்றேன்.

கவுண்டரின் மனைவி முன்னே வந்தாள். “தம்பின்னா கோடி எங்க? டைரிக்குள்ள மடிச்சி வெச்சிக்கிறியா? உசுரோட இருந்தா எங்க வேணா தூக்கினு போவோம். எங்க வூட்டுப் பொண்ண இந்த மண்ணுக்கு வெளிய உடமாட்டோம்.”

கவுண்டர் அத்தானிடம் குனிந்தார். “நீ சொல்லு மாமா. இன்னா செய்யலாம்?”

அத்தான் வேலை செய்யும் ஒரே கையைத் தூக்கி, வெளியே மலையைக் காட்டினார்.

துணிக்கடை போளூரில்தான். ரங்கூனுக்குத் திரும்பும் நாளுக்கென்று நான் கட்டியே வைத்திருந்த டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு புதுத்துணிகள் இருந்தன. எனக்கொரு கைலி, அக்காவுக்கு, பர்மியப் பெண்கள் இடுப்பில் சுற்றும் பட்டுத் தமேன். அதை எடுத்து நீட்டினேன்.

கவுண்டரின் மனைவி தொட்டுப் பார்த்தாள். “உன்னுது ஒடம்போட இருக்கட்டும். எங்களுது மேல.”

எரிக்கும் குடும்பத்தில் பிறந்தவளைப் புதைத்தோம். தூக்க நாலு பேர் போதும். தோள் மாற்றத் தங்கள் முறைக்காக ஊரார் வழியெல்லாம் சண்டை போட்டார்கள். நான் பின்னால் நடந்தேன்.

மறுநாள் காலை கடையைத் திறக்கவில்லை. முதல் வேலையாக, அக்கா செய்வதுபோல அத்தானைப் புரட்டினேன். விரிப்பு நனைந்திருந்தது. பெட்டியிலிருந்த கைலியைக் கிழித்துப் பாதியை விரித்தேன். மறுபாதி பெட்டியில் இருக்கிறது.