வாத்துப் படத்துக்கு நான் சொன்ன தமிழ்

வீடியோ பெட்டியின் வாயில் டேப்பைத் தள்ளினால் முதலில் 'டக்' என்று ஒரு சத்தம் வரும், பிறகு உள்ளே யாரோ தூக்கத்தில் முனகுவதுபோல ஓர் இரைச்சல், அதன் பிறகு சூடேறிய பிளாஸ்டிக்கின் வாசனை. இந்த மூன்றும் வந்து முடிந்தால்தான் சிங்கப்பூரின் தோ பாயோவில் எங்கள் மூவறை வீட்டில் சனிக்கிழமை மத்தியானம் தொடங்கியதாக அர்த்தம். அப்பா கப்பல் பட்டறையில் அரைநாள் வேலை முடித்து வந்து சாப்பிட்டுப் படுத்துவிடுவார். அம்மா தையல் தொழிற்சாலையில் ஓவர்டைம் முடித்து வர நான்கு மணியாகும். நானும் செல்வி சித்தியும் மட்டும் கூடத்துத் தரையில், பெட்டிக்கு ஒரு கை தூரத்தில், முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். எனக்குப் பத்து வயது, சித்திக்கு இருபத்திரண்டு.

சித்தி என் சித்தப்பாவைக் கல்யாணம் செய்துகொண்டு பட்டுக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்து நான்கு மாதம்தான் ஆகியிருந்தது. அவர்கள் பதிந்துவைத்திருந்த சொந்த வீட்டுக்குக் 'கீ', அதாவது சாவி, கிடைக்கும்வரை எங்களோடு இருந்தார்கள். ஊரில் அவர் வாய் ஓயாமல் பேசுவார், மூன்று தம்பிகளையும் ஒரு முறைப்பில் அடக்குவார் என்று சித்தப்பா சொல்லும்போது எனக்கு நம்பிக்கை வராது. ஏனென்றால் எங்கள் வீட்டில் கதவு தட்டும் சத்தம் கேட்டாலே சித்தி சமையலறைக்குள் போய்விடுவார். பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி ஆரஞ்சுப் பழம் கொண்டுவந்தால்கூட, நான் வந்து வாங்கும்வரை கம்பிக் கதவுக்கு உள்ளே நின்று தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருப்பார். "அவங்க அன்பாத்தான் ஏதோ கேக்குறாங்க தேவி. நான் மாடு மாதிரி நிக்கிறேன்" என்று பிறகு என்னிடம் சொல்லி வருத்தப்படுவார். ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிக்க அவருக்குத் தெரியும், பேச்சுதான் வராது.

அந்த டேப், கீழ்த்தளத்து வீடியோ கடைக்காரர் பழையதையெல்லாம் கழித்தபோது சித்தப்பா வாங்கி வந்தது. ஹாலிவுட்டில் எடுத்த நகைச்சுவைப் படம். அதற்கு ஓர் ஆங்கிலப் பெயர் உண்டு, ஆனால் எங்களுக்கு அது 'வாத்துப் படம்'தான். கடற்கரை ஓரத்தில் ஒரு பழைய ஹோட்டல். அங்கே ஒரு வெளிநாட்டுத் தூதர் வந்து தங்கப் போகிறார். அவருடைய விருந்துக்காக உயிரோடு வந்து இறங்கிய நாற்பது வாத்துகளை அறுக்க மாட்டேன் என்று குண்டுச் சமையல்காரர் அழுதுவிடுகிறார். வாசலில் நிற்கும் ஒல்லியான காவலாளி, அறைகளைச் சுத்தம் செய்யும் பெண், சமையல்காரர் என மூன்று பேரும் சேர்ந்து, மெல்லிய மீசை வைத்த சிடுமூஞ்சி மேனேஜரின் கண்ணில் படாமல் அத்தனை வாத்துகளையும் ஹோட்டலுக்குள்ளேயே இரண்டு நாள் ஒளித்துவைக்கிறார்கள், அதுதான் கதை. குளியல் தொட்டியிலிருந்து ஒரு வாத்து தலையை நீட்டியபோது சித்தி வாய்விட்டுச் சிரித்தார். அவர் சிங்கப்பூர் வந்தபிறகு நான் கேட்ட முதல் சிரிப்பு அது. அடுத்த நொடியே என் தோளைப் பிடித்து உலுக்கி, "என்ன சொல்றான், என்ன சொல்றான்?" என்று கேட்டார்.

அப்படித்தான் நான் தமிழ் சொல்ல ஆரம்பித்தேன். ஒவ்வொரு வசனத்துக்கும் படத்தை நிறுத்துவேன், தமிழில் சொல்லுவேன், சித்தி அதைத் திரும்பச் சொல்லிப் பார்த்துவிட்டு ஆங்கிலத்தையும் ஒருமுறை அதே குரலில் சொல்லுவார். ஒரு மணி நேரம் நாற்பது நிமிடப் படத்தை முடிக்க எங்களுக்கு மூன்று சனிக்கிழமை ஆனது. முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. உண்மை என்னவென்றால், அந்த அமெரிக்கப் பேச்சில் எனக்குப் பாதிதான் விளங்கியது. ஆனால் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கும் ஒருவரிடம் 'தெரியவில்லை' என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. தெரியாத இடத்தில் படத்தைப் பார்த்து ஊகித்தேன். ஊகிக்கவும் முடியாத இடத்தில் சொந்தமாகச் சொன்னேன்.

படத்தில் ஓர் இடம் சித்திக்கு உயிர். வாத்துகளைக் கண்டுபிடித்துவிட்ட மேனேஜர், அவற்றை மழையில் வெளியே விரட்டச் சொல்லிச் சுத்தம் செய்யும் பெண்ணிடம் கத்துவார். அவள் துடைப்பத்தை ஓங்கிப் பிடித்துக்கொண்டு, "ஓவர் மை டெட் பாடி, சார்!" என்பாள். அடுத்த காட்சியில் வாத்துகளின் பின்னால் ஓடிக்கொண்டிருப்பாள். எனக்கு அது மிகத் தெளிவாக விளங்கியது. டெட் பாடி என்றால் பிணம், அவள் ஓடுகிறாள், ஆகவே, "உயிரே போனாலும் செஞ்சு முடிப்பேன் ஐயா!" சித்தி அந்த வசனத்தைப் பாத்திரம் கழுவும்போதும் துணி காயப்போடும்போதும் சொல்லிக்கொண்டே இருப்பார்.

இரண்டே மாதத்தில் சித்தி மாறிப்போனார். ஒருநாள் சீன ஆன்ட்டி கதவைத் தட்டியபோது, சித்தி தானே போய்க் கம்பிக் கதவைத் திறந்து, படத்தில் காவலாளி குனிவதுபோலவே இடுப்பை வளைத்து, "அட் யுவர் சர்வீஸ், மேடம்" என்றார். ஆன்ட்டி முதலில் ஒரு அடி பின்னால் போய், பிறகு சிரித்த சிரிப்பில் எதிர் வீட்டுக் கதவும் திறந்தது. "அய்யோ, யூ டாக் லைக் டிவி லா!" என்றார். அதன் பிறகு இருவரும் தினமும் பேசினார்கள். ஆன்ட்டியின் மகள் ஒரு பெரிய ஹோட்டலில் வேலை பார்த்தார். அங்கே அறைகளைச் சுத்தம் செய்ய ஆள் எடுக்கிறார்கள் என்று ஆன்ட்டிதான் சொன்னார். சித்தப்பா தயங்கினார். "இப்போ என்ன அவசரம் செல்வி? பஸ் ஏறக்கூட இன்னும் தெரியலையே" என்றார். சித்தி விடவில்லை. கடைசியில் சித்தப்பாவே லீவு போட்டு, அவரை நேர்முகத்துக்கு அழைத்துக்கொண்டு போய், ஹோட்டலின் பின்வாசலில் காத்திருந்தார்.

திரும்பி வந்த சித்தியின் முகம் எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டே சொன்னார்: "கண்ணாடி போட்ட ஒரு மேடம், நரைச்ச முடி. எல்லாம் நல்லாத்தான் கேட்டாங்க. கடைசியா, ஞாயித்துக்கிழமை, பப்ளிக் ஹாலிடே எல்லாம் வேலை செய்வியான்னாங்க. நான் எழுந்து நின்னு சத்தமா, ஓவர் மை டெட் பாடி, மேடம்னேன்! அப்படியே பேனாவைக் கீழ வச்சுட்டாங்க. அசந்துட்டாங்க போல!"

ஹோட்டலிலிருந்து ஒரு தகவலும் வரவில்லை. சித்தி கீழ்த்தளத்துத் தபால் பெட்டியை ஒரு நாளைக்கு இரண்டு தடவை திறந்து பார்த்துவிட்டு வந்தார். இரண்டாவது வாரம், எனக்கு ஏதோ உறுத்தி, பள்ளியில் ஆங்கில ஆசிரியரிடம் அந்த வரிக்குப் பொருள் கேட்டேன். "ஒருக்காலும் மாட்டேன் என்று அர்த்தம். என் பிணத்தைத் தாண்டித்தான் அது நடக்கணும் என்கிற மாதிரி" என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். எனக்குக் காது இரண்டும் சூடாகிவிட்டது. படத்தில் அந்தப் பெண் வாத்துகளை விரட்டவில்லை, காப்பாற்ற ஓடியிருக்கிறாள் என்பது அப்போதுதான் விளங்கியது.

மூன்று நாள் சொல்லாமல் இருந்தேன். நான்காம் நாள் சித்தி துணி மடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்தில் உட்கார்ந்து, அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னேன். அவர் என்னைத் திட்டுவார், ஊருக்கே போகிறேன் என்பார், இனி என்னோடு பேசவே மாட்டார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். சித்தி கையில் இருந்த சட்டையை மடித்து முடித்து, அடுக்கின்மேல் வைத்து, அதை இரண்டு தடவை நீவிவிட்டு, "வேற எந்தெந்த எடத்துல இந்த மாதிரி சொன்னே?" என்று மட்டும் கேட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் அப்பாவின் தடித்த அகராதியை நடுவில் வைத்துக்கொண்டு மறுபடி படத்தைப் பார்த்தோம். நான் தப்பாகச் சொன்னதையெல்லாம் என் பள்ளி நோட்டில் எழுதினோம். ஏழு பக்கம் வந்தது. நடுநடுவே சித்தி சிரித்துவிட்டார், ஆனால் வாத்துகளைப் பார்த்து அல்ல, என் தமிழைப் பார்த்து. மறுநாள் காலை, நான் பள்ளிக்குப் போன பிறகு, யாரிடமும் சொல்லாமல் சித்தி தனியாகப் பஸ் ஏறி அந்த ஹோட்டலுக்குப் போனார். தப்பான இடத்தில் இறங்கி, அரை மணி நேரம் வெயிலில் நடந்து, பின்வாசல் காவலாளியிடம் கெஞ்சி உள்ளே போயிருக்கிறார்.

"என்ன சித்தி சொன்னீங்க?" என்று நான் மாலையில் கேட்டேன்.

"மேடம், ஐ சே நோ, பட் ஐ மீன் யெஸ். மை சைல்டு டீச் ராங்" என்று அவர் அப்படியே சொல்லிக் காட்டினார். "வீட்டுக்காரரோட அண்ணன் மகளுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லணும்னு தெரியல. அதான் சைல்டுன்னுட்டேன்."

அந்த மேடம் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தாராம். அத்தனை நாளும் ஹோட்டல் முழுக்க அவர் இந்தக் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாராம். அடுத்த திங்கட்கிழமையே வந்து சேரச் சொல்லிவிட்டார்.

சித்திக்கு அதன்பிறகு அந்தப் படத்தில் நடித்தவர்கள் எல்லாம் சொந்தக்காரர்கள் மாதிரி. நூலகத்தில் ஆங்கிலப் பத்திரிகைகளின் சினிமாப் பக்கத்தைப் பார்த்து அவர்களைப் பற்றிச் செய்தி சொல்வது என் வேலையானது. புதுவீட்டுக்குக் குடிபோன பிறகும், பிள்ளைகள் இரண்டு பிறந்த பிறகும், போனில் முதல் கேள்வி, "நம்ம ஆளுங்க என்ன பண்றாங்க?" என்பதுதான். ஒல்லிக் காவலாளி வரிசையாக நான்கு வெற்றிப் படம் கொடுத்து, பிறகு யாருமே எதிர்பாராத விதமாக, மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனாக நடித்துப் பெரிய விருது வாங்கினார். "சிரிக்க வைக்கிறவனுக்கு அழ வைக்கவா தெரியாது?" என்றார் சித்தி. குண்டுச் சமையல்காரர் சில வருடங்களிலேயே இறந்துபோனார். பத்திரிகையில் இரண்டே வரிதான் போட்டிருந்தார்கள். அன்றைக்குச் சித்தி வீட்டில் கோழி வாங்கி வைத்திருந்தும் சமைக்கவில்லை. சுத்தம் செய்யும் பெண்ணாக வந்தவர் பல வருடம் ஆளே காணாமல் போய், ஒரு தொலைக்காட்சித் தொடரில் நீதிபதியாகத் திரும்பி வந்தார். "பாத்தியா, துடைப்பத்தைக் கீழ வச்சுட்டு சுத்தியலை எடுத்துட்டா!" என்று சித்தி எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

இயக்குநரின் கதை வேறு. வாத்துப் படம் கொடுத்த தைரியத்தில் பிரம்மாண்டமான ஒரு போர்ப் படம் எடுத்தார், அது ஒரே வாரத்தில் சுருண்டது. அதற்குப் பிறகு அவருக்கு யாரும் படம் கொடுக்கவில்லை, சோப்புத்தூள் விளம்பரம் எடுத்துக்கொண்டிருக்கிறார் என்று படித்தேன். அவர் ஒரு சின்ன நகைச்சுவைப் படத்தோடு மீண்டும் வந்த செய்தியை நான் சொன்ன நேரம், சித்தி மேற்பார்வையாளர் தேர்வில் தோற்று, 'போதும், ரூம் கூட்டுறதே எனக்குப் போதும்' என்று மறுதேர்வுக்குக் கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க இருந்த நேரம். "அவ்ளோ பெரிய டைரக்டரே சோப்பு விளம்பரம் எடுத்துட்டுத் திரும்பி வந்திருக்காரு. நான் இன்னொரு தடவை பேப்பர் எழுதினா தேஞ்சா போயிடுவேன்?" என்றார். இரண்டாவது முறை எழுதினார், தேறினார். பதினைந்து வருடம் கழித்து, அந்த நரைமுடி மேடத்தின் நாற்காலியில் சித்தி உட்கார்ந்தார். புதிதாக வேலைக்கு வரும் பெண்கள் நேர்முகத்தில் தப்பாக ஏதாவது சொன்னால், இன்னொரு தடவை கேட்காமல் யாரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

இப்போது அந்த ஹோட்டல் இல்லை, அந்த இடத்தில் கண்ணாடிக் கட்டடம் ஒன்று நிற்கிறது. எங்கள் தோ பாயோ பிளாக்கையும் இடித்துவிட்டார்கள். வீடியோ கடை, சீன ஆன்ட்டி, ஏழு பக்க நோட்டு எதுவும் மிச்சமில்லை. சித்தி போன வருடம் ஓய்வு பெற்றார். போன மாதம் என் மகள், "அம்மா, உங்க வாத்துப் படம் ஆன்லைன்ல வந்திருக்கு" என்று தேடிக் கொடுத்தாள். அதுவும் திரையின் அடியில் வசனமெல்லாம் தமிழ் எழுத்தோடு. அடுத்த சனிக்கிழமையே சித்தியை வரவழைத்து, சோபாவில் மூன்று பேருமாக உட்கார்ந்து பார்த்தோம். எழுத்தில் ஒரு பிழை இல்லை. சித்தி எந்த வசனத்துக்கும் காத்திருக்கவில்லை, ஒவ்வொன்றாக முன்னாலேயே சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கடைசிக்குச் சற்று முன்பு, மேனேஜர் மாடிப்படியில் தனியாக நின்று நீளமாக ஏதோ முனகும் காட்சி வந்தது. சித்தி முன்னால் சாய்ந்து, கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, "தேவி, இங்க தப்பா எழுதியிருக்கான்" என்றார். "செத்துப்போன பொண்ணைப் பத்தில்ல அவர் பேசுறாரு? அது சின்னப் புள்ளையில வாத்து வளத்ததைச் சொல்லி அழுவாரே."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் காட்சியில் அன்றைக்கு எனக்கு ஒரு சொல்கூட விளங்கவில்லை. மேனேஜருக்கு ஒரு மகளையும், அவளுக்கு ஒரு சாவையும் நான்தான் கொடுத்தேன். அகராதியோடு உட்கார்ந்த அந்த ஞாயிற்றுக்கிழமை, இந்த இடம் வந்தபோது சித்தி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். நான் வாயைத் திறக்கவில்லை.

"இல்ல சித்தி. நாளைக்கு யார் யாரை வேலையை விட்டு எடுக்கலாம்னு எண்ணிக்கிட்டு இருக்காரு. பொண்ணு கதை நானாச் சொன்னது."

"அப்போ அந்த ஆளு நெசமாவே மோசமானவன்தானா?"

"ஆமா சித்தி."

சித்தி திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எத்தனை மேனேஜர் என்னைப் பாத்துக் கத்தியிருக்கானுங்க தெரியுமா? ஒவ்வொரு தடவையும், பாவம், இவனுக்கு வீட்டுல என்ன துக்கமோன்னு நெனச்சுப் பேசாம வந்துடுவேன்" என்றார். பிறகு மெதுவாக என் பக்கம் திரும்பினார். "அப்போ அவ்வளவு பேரும் சும்மாவேதான் கத்தினானுங்களா?"

சொல்லிவிட்டு அவர் சிரிக்க ஆரம்பித்தார். சிரிப்பு அடங்கவே இல்லை. என் மகள் படத்தை நிறுத்திவிட்டுத் தண்ணீர் கொண்டுவரப் போனாள்.