அண்ணி வாங்கி வந்த தெர்மாமீட்டர்

அண்ணனின் முதலாண்டு நினைவு நாளில் இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் சொந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத என்னைவிடப் படித்தவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவன். நாலு பேர் முன்னால் பேசவும் வராது. ஆனாலும் இதை நான்தான் எழுத வேண்டும் என்று கேட்டு வாங்கினேன்.

அண்ணன் வன்னியம்பட்டியில் பிறந்தார். அப்பா இறந்தபோது அவருக்குப் பதின்மூன்று வயது. அந்த வாரமே ராஜபாளையத்தில் லாரிப் பட்டறையில் சேர்ந்தார். ஸ்பேனரால் அடி வாங்கித்தான் தொழில் படித்தார். பின்னால் சொந்தப் பட்டறை போட்டு என்னையும் கூட வைத்துக்கொண்டார். வாய் மட்டும் பொல்லாதது. "ஏலே, உன் மண்டைக்குள்ள கிரீஸா இருக்கு?" என்று வண்டிக்காரர்கள் முன்னாலேயே கேட்பார். ஆனால் நான் சாப்பிடாமல் அவர் சாப்பிட்டதில்லை.

பழைய ஜீப், பழைய வேன் என்றால் அண்ணனைத் தேடி வருவார்கள். அய்யனார் கோவில் போகிற வழியில் எஞ்சின் சூட்டைக் காட்டும் முள் சிவப்புக்குப் போய்விட்டது என்று கான்சாபுரத்துக்காரர் ஒருவர் ஜீப்பைக் கொண்டு வந்தார். வேறு இடத்தில் எஞ்சினையே இறக்கச் சொல்லியிருந்தார்கள். அண்ணன் எஞ்சினை ஆறவிட்டு, அந்த முள்ளுக்குச் சூட்டைச் சொல்லும் சென்சாரைக் கழற்றினார். பால் சட்டியில் தண்ணீர் வைத்து, சென்சாரின் முனையை மட்டும் முக்கி, மல்டிமீட்டரைப் பிடித்தார். தண்ணீர் சூடேற ஏற மீட்டரில் எண் இறங்க வேண்டும். பச்சைத் தண்ணீரிலும் கொதிக்கிற தண்ணீரிலும் அது ஒரே எண்ணில் நின்றது.

"எஞ்சின் நல்லாத்தான் இருக்கு அண்ணாச்சி. இந்தக் கழுதைதான் பொய் சொல்லுது" என்று சென்சாரை மட்டும் மாற்றி அனுப்பினார். சோதிக்காமல் அவர் எதையும் நம்பியதில்லை. அந்த நல்ல பழக்கத்தில்தான் அண்ணனை இழந்தோம்.

போன வருடம் காய்ச்சலில் படுத்தார். இரண்டாம் நாள் மத்தியானம் அண்ணி மருந்துக்கடையில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கி வந்து வைத்துப் பார்த்தார்கள். நூற்றி நான்கு. "ஆஸ்பத்திரிக்குப் போவோம், கிளம்புங்க" என்றார்கள்.

"இது பொய் சொல்லுது. ஏலே, தண்ணியக் கொதிக்க வை" என்றார் அண்ணன்.

வைத்தேன். முனையை முக்கினேன். எண் வரவில்லை. 'எச்' என்று ஒரு இங்கிலீஷ் எழுத்து வந்தது.

அண்ணன் படுத்தபடியே சிரித்தார். "கொதிக்கிற தண்ணிக்கு நம்பர் ஏறணும். இது எழுத்துக் காட்டுது. கடைக்காரன் உங்க அண்ணி தலையில கட்டிட்டாம்லே."

"எஞ்சினும் மனுசரும் ஒண்ணா? தம்பி, நீங்களாவது சொல்லுங்க" என்றார்கள் அண்ணி.

"கெட்டுத்தான் போச்சு அண்ணி" என்றேன்.

நாலாம் நாள் உடம்பு குளிர்ந்தது. "பாத்தியா, கூலாயிருச்சு" என்று அண்ணன் கஞ்சி கேட்டார். குடித்த கஞ்சி ரத்தத்தோடு வெளியே வந்தது. ஸ்ரீவில்லிபுத்தூருக்குத் தூக்கிக்கொண்டு போனோம். மறுநாள் காலையில் உயிர் பிரிந்தது. டெங்கு, சூடு இறங்கும்போதுதான் ஆபத்து என்றார்கள். நர்ஸம்மாவிடம் தெர்மாமீட்டரைக் காட்டிக் கேட்டேன்.

"எச்னா, இதால அளக்க முடியாத அளவுக்குச் சூடுனு அர்த்தம். இதைப் போய் யாரு கொதிதண்ணில வச்சது?"

தெர்மாமீட்டரைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

பதினாறாம் நாள் பந்தலில் அத்தை எல்லார் முன்னாலும் அண்ணியைக் கேட்டார்கள். "கட்டுனவன் நெருப்பாக் கொதிக்கையில நாலு நாளா என்னத்தடி பாத்துக்கிட்டு இருந்த? கஞ்சி காய்ச்சிக் குடுத்தே அனுப்பி வச்சிட்டியே!"

"ஆஸ்பத்திரி வரைக்கும் போக மகராசிக்குக் காலு வலிச்சிருக்கும்" என்றார் இன்னொருவர். சிலர் சிரித்தார்கள். அண்ணி என்னைப் பார்த்தார்கள். நான் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தேன்.

அதன்பின் எந்த விசேஷத்துக்கும் சொந்தங்கள் அண்ணியை அழைக்கவில்லை. அத்தை வீட்டுக் காதுகுத்துப் பத்திரிகையை என் கையில் கொடுத்து, "அவளுக்குத் தெரிய வேண்டாம்" என்றார்கள். நான் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தேன். இந்த ஒரு வருடத்தில் அண்ணி என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்குச் சோறு போடுவதையும் நிறுத்தவில்லை.

அண்ணனைத் தூக்கி வண்டியில் ஏற்றிய டயர்க்கடைக்காரருக்கும், கேட்டதும் ஓடி வந்து ரத்தம் கொடுத்த மூன்று பேருக்கும், பட்டறையை மூடாமல் பார்த்துக்கொண்ட நண்பர்களுக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறேன்.

அந்தத் தெர்மாமீட்டரை நான் தூக்கிப் போடவில்லை. நேற்றும் என் அக்குளில் வைத்துப் பார்த்தேன். சரியாகத்தான் காட்டுகிறது.

அத்தை, பந்தலில் அண்ணியைக் கேட்டதை இன்று என்னைக் கேளுங்கள். பந்தியில் நான்தான் தண்ணீர் ஊற்றிக்கொண்டு வருவேன்.