கிரேனன் மணல்முனையில் ரொஹானியோடு ஒரு பகல்

செப்டெம்பரில் ஒரு சனிக்கிழமை டென்மார்க்கின் வடமுனையிலுள்ள ஸ்கேகனுக்குப் போனோம். சுற்றிப் பார்க்க அல்ல. ரண்டர்ஸில் முதியோர் இல்லமொன்றில் என்னோடு வேலை செய்யும் ரொஹானிக்கு அப்பா இறந்து ஒன்பது நாள். அடக்கத்துக்குப் போக முடியவில்லை. “பெரிய கடல் ஒண்டைப் பாக்கவேணும் அக்கா,” என்றாள். (நாங்கள் கதைப்பது டேனிஷில், இங்கே என் தமிழில் எழுதுகிறேன்.)

ரொஹானி பஜாவ் இனத்தவள். பிலிப்பைன்ஸின் தெற்குக் கடலில், படகிலேயே பிறந்தவள். டென்மார்க்காரரைக் கலியாணம் கட்டி இங்கே வந்தாள். அவளுடைய ஆட்கள் மூச்சை அடக்கிச் சுழியோடி, ஈட்டியால் மீன் குத்தியவர்கள். இப்போது ஆழம் குறைந்த இடங்களில் மீன் இல்லை. வாகன ரயருக்குக் காற்றடிக்கும் இயந்திரத்தில் குழாயைப் பூட்டி, மூச்சுவிட அதைப் பல்லில் கடித்துக்கொண்டு ஆழத்துக்கு இறங்குகிறார்கள். அவசரமாக மேலே வந்தால் இரத்தத்தில் காற்றுக் குமிழ் உண்டாகி உடம்பு முடங்கும், இல்லையென்றால் உயிர் போகும். அப்பாவுக்கு உயிர் போனது.

காலை எட்டரைக்குப் புறப்பட்டோம். 180 கிலோமீற்றர், இரண்டேகால் மணி நேரம். போய்வரப் பெற்றோல் 320 குரோனர். கிரேனன் தரிப்பிடத்திலிருந்து மணலில் அரை மணி நடந்தால் நிலம் முடிகிறது. இரண்டு கடல்களின் அலைகள் அங்கே முட்டுகின்றன. நீரோட்டம் பொல்லாதது, குளிக்கத் தடை.

பதினொன்றரைக்குத் தம்பிக்கு அழைப்பு எடுத்தாள். அங்கே மாலை ஐந்தரை. கதைத்து முடித்ததும் கைபேசியை மடியில் வைத்தாள்.

“அப்பாவின்ரை குழாயோடை நாளைக்கு இறங்கப் போறானாம்.”

“வேண்டாமெண்டு சொல்லன்.”

“சொன்னனான். பள்ளிக்கூடம் போகாதவனுக்கு ஆர் வேலை குடுப்பினம் எண்டு கேக்கிறான்.”

“பிறகு என்ன சொன்னனி?”

“மெதுவா மேலை வா எண்டன்.”

சப்பாத்தைக் கழற்றி அலைக்குள் காலை வைத்தாள். நான் அவள் கையைப் பிடித்தேன்.

“பயப்பிடாதேங்கோ, எனக்கு நீந்தத் தெரியும்.”

“எனக்குத் தெரியாது,” என்றேன். அவள் கரைக்கு வந்துவிட்டாள்.

போக இருப்பவர்களுக்கு: காற்றைத் தடுக்கும் மேலங்கி கட்டாயம். கணுக்காலுக்கு மேலே இறங்காதீர்கள். ரொஹானியின் கடலுக்குச் சுற்றுலா போகிறவர்கள், தண்ணீருக்கு மேல் குடியிருப்பவர்களைப் படமெடுக்கமுன் நின்று கதையுங்கள். அவர்கள் வீட்டில் யாருக்காவது நடக்க முடியாமல் இருக்கலாம்.

நாங்கள் போய்வந்து மூன்று கிழமை கழித்து, தம்பியும் அவசரமாகத்தான் மேலே வந்தான். உயிர் தப்பியது, இடுப்புக்குக் கீழே அசைவில்லை. நேற்று வேலை இடைவேளையில், ஆளில்லாத அறையொன்றின் கட்டிலில் நான் நோயாளியாகப் படுத்தேன். படுக்கைப்புண் வராமல் எப்படித் திருப்புவது என்று தன் அம்மாவுக்கு அனுப்புவதற்காக ரொஹானி கைபேசியை நிறுத்திவைத்துப் பதிவு செய்தாள். தன் மொழியில் விளக்கிக்கொண்டே என்னை இடப்பக்கம் திருப்பினாள், பிறகு வலப்பக்கம். சொல்லி முடிந்த பிறகும் என் முதுகிலிருந்து கையை எடுக்கவில்லை.