வறுமையைப் பார்க்க வந்தவருக்கு ஒரு விருந்து

எங்கள் வீடு எவ்வளவு ஏழை வீடு என்று நேரில் பார்க்க வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வருகிறார் என்று கடிதம் வந்தது. அப்படியே எழுதியிருக்கவில்லைதான். ‘தங்கள் குடும்பச் சூழலை அறிய எங்கள் பிரதிநிதி வருவார்’ என்று நாகரிகமாகத்தான் எழுதியிருந்தார்கள். விடுதி வராந்தாவில் நின்று அதை மூன்று முறை படித்தேன்.

அப்போது நான் சென்னையில் ஓர் அரசு மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு படித்துக்கொண்டிருந்தேன். சர்க்கார் கல்லூரி, அதனால் படிப்புக் கட்டணம் அதிகமில்லை. சேரும்போது கட்ட வேண்டியதை என் பள்ளிக்கூடத்து டீச்சர்கள் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுக் கட்டிவிட்டார்கள். டாக்டருக்குப் படிக்கிற செலவு அதோடு முடிந்தது என்று எல்லோரும் நினைத்தோம், டீச்சர்கள் உட்பட. மாதாமாதம் விடுதிச் சாப்பாட்டுக்குக் கட்ட வேண்டும், தலையணை கனத்தில் புத்தகங்கள் வாங்க வேண்டும், வெள்ளைக் கோட்டு வேண்டும், பெட்டி நிறைய மனித எலும்பு வேண்டும் என்பதெல்லாம் போன பிறகுதான் தெரிந்தது. எலும்புக்கு விலை உண்டு என்று சொன்னபோது என் தங்கை விழுந்து விழுந்து சிரித்தாள். எங்கள் ஊர் பழவேற்காட்டில் டச்சுக்காரர்களின் கல்லறைத் தோட்டத்து வாசலில் இரண்டு எலும்புக்கூடுகளைக் கல்லில் செதுக்கி வைத்திருக்கிறார்கள். “அத்தப் பாத்துப் படிச்சிக்கோயேன், துட்டே வாணாம்” என்றாள்.

அரசாங்க உதவித்தொகைக்கும் எழுதிப் போட்டிருந்தேன். அது கைக்கு வர மாதக்கணக்கில் ஆகும் என்று சீனியர்கள் சொன்னார்கள். அதற்குள் மூன்று மாதச் சாப்பாட்டுப் பணம் பாக்கி விழுந்துவிட்டது. வார்டன் கூப்பிட்டு, மாதக் கடைசிக்குள் கட்டாவிட்டால் அறையைக் காலி செய்ய வேண்டியிருக்கும் என்றார். அவர் கெட்டவர் இல்லை, சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. எங்கள் ஊரிலிருந்து பொன்னேரிக்கு பஸ், அங்கிருந்து ரயில், மறுபடியும் பஸ். தினம் இப்படி வந்து போய்க்கொண்டு உடற்கூறியல் படித்துத் தேற முடியாது. அறை போனால் படிப்பும் போனதுதான். அந்த வாரத்தில்தான் கல்லூரி நோட்டீஸ் போர்டில் ஓர் அறக்கட்டளையின் அறிவிப்பைப் பார்த்தேன். தேர்வானால் படிப்பு முடிகிறவரை விடுதிக்கும் புத்தகத்துக்கும் அவர்களே கட்டுவார்கள். ஆனால் வீட்டை நேரில் பார்த்த பிறகுதான் முடிவு.

பார்க்கட்டும் என்று விண்ணப்பம் போட்டேன்; அதற்குப் பதிலாகத்தான் அந்தக் கடிதம் வந்தது. எங்கள் வீட்டில் பார்ப்பதற்குத் தாராளமாக இருந்தது. மழைக்கு ஒழுகுகிற கூரை, கதவு இல்லாத பின்வாசல், நடுவில் கிழிந்து இரண்டாகப் போகிற பாய். நைனாவும் அம்மாவும் ஏரியில் கையால் இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள். படகும் இல்லை, வலையும் இல்லை. முழங்கால் தண்ணீரில் உட்கார்ந்தவாறே நகர்ந்து, சேற்றைத் துழாவி, கையில் படுவதைப் பல்லில் கவ்விய பறி என்கிற ஓலைக் கூடையில் போட்டுக்கொள்வார்கள். பெரிய நண்டு வேண்டுமென்றால் நைனா அலையாத்திச் செடிகளின் வேரடியில் வளை பார்த்துக் கம்பி விடுவார். இரண்டு கொடுக்கும் முழுதாக உள்ள நண்டு கம்பெனி வண்டியில் ஏறி, அங்கிருந்து வெளிநாட்டுக்கு விமானம் ஏறும். ஒரு கொடுக்கு ஒடிந்தது பாதி விலைக்கு உள்ளூர்ச் சந்தைக்குப் போகும். இரண்டும் ஒடிந்ததும் குஞ்சுகளும்தான் எங்கள் குழம்புக்கு வரும்.

‘உதவித்தொகைக்காக ஞாயிற்றுக்கிழமை ஒருவர் வீடு பார்க்க வருகிறார். எதையும் மாற்ற வேண்டாம், வீடு இருக்கிறபடி இருக்கட்டும்’ என்று தங்கைக்குக் கடிதம் எழுதினேன். அதை அவள் நைனாவுக்குப் படித்துக் காட்டியிருக்கிறாள். அதுதான் வினையாகப் போயிற்று.

சனிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்குப் போனால், இது நம் வீடுதானா என்று ஒரு கணம் நின்றுவிட்டேன். முன்சுவருக்குச் சுண்ணாம்பு அடித்திருந்தது. பஸ் ஸ்டாண்டு டீக்கடைக்காரரிடம் இரவல் வாங்கிய நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாக இருந்தன. யார் வீட்டு மேசை விசிறியோ சுற்றிக்கொண்டிருந்தது. கிழிந்த பாயைக் காணவில்லை. அம்மா கழுத்தில் பக்கத்து வீட்டுக் கவரிங் சங்கிலி மின்னியது. என்னைப் பார்த்ததும் அதைக் கையால் மூடிக்கொண்டாள்.

எனக்குச் சின்ன வயதிலிருந்தே மூக்குக்கு மேல் கோபம். “இன்னா நைனா இது? அவர் வர்றதே நம்ம கஷ்டத்தப் பாக்கறதுக்குத்தான். இத்தப் பாத்தா எவன் குடுப்பான்?” என்று கத்தினேன்.

நைனா பதறவில்லை. விவரம் தெரியாத பிள்ளையிடம் பேசுகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். “உனுக்குத் தெரியாது கண்ணு. நண்டு யாவாரி யாருக்கு அட்வான்ஸ் குடுக்கறான்? பாடு இல்லாம வெறுங்கையோட வர்றவனுக்கா குடுக்கறான்? நல்லா புடிக்கிறவன்னு தெரிஞ்சாத்தான் துட்ட எடுப்பான். அழுதுக்கினு நின்னா, இவன் எங்கடா திருப்பித் தரப் போறான்னு போயிக்கினே இருப்பான்.”

“இது அட்வான்ஸ் இல்ல நைனா. திருப்பியே தர வாணாம்.”

“திருப்பித் தர வாணாம்னு எவன்மா துட்டு குடுப்பான்?”

அவருக்கு நாற்பத்தைந்து வயது. அதுவரைக்கும் அப்படி ஒருவரும் அவருக்குக் கொடுத்ததில்லை. இப்போது இதை எழுதும்போது அது எனக்குப் புரிகிறது. அன்றைக்குப் புரியவில்லை. சாப்பிடாமல் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டேன்.

மறுநாள் விடிவதற்குள் நைனா ஏரிக்குப் போய்விட்டிருந்தார். திரும்பியபோது பையில் இரண்டு சேற்று நண்டுகள். அந்த வருடம் அவ்வளவு பெரியதாக நான் பார்க்கவில்லை. நான்கு கொடுக்கும் முழுதாக இருந்தன. நைலான் கயிற்றால் அவற்றைக் கட்டியிருந்தார். நைனா நண்டு கட்டுவதைப் பார்க்க வேண்டும், கண் சிமிட்டுவதற்குள் முடிந்துவிடும். கம்பெனி வண்டி வாசலில் வந்து ஹாரன் அடித்தது. நைனா வெளியே போய், “இன்னிக்கு இல்ல” என்று சொல்லி அனுப்பிவிட்டார். அந்த இரண்டு நண்டின் விலையில் நான் ஒரு வாரம் விடுதியில் சாப்பிட்டிருப்பேன். வாயைத் திறந்தால் கேட்க முடியாததைச் சொல்லிவிடுவேன் என்று பயந்து, விருந்தாளியைக் கூட்டிவர பஸ் ஸ்டாண்டுக்குக் கிளம்பினேன்.

வந்தவருக்கு அறுபது வயதுக்கு மேல் இருக்கும். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவராம். கையில் குடையும் ஒரு ஃபைலும் வைத்திருந்தார். வழியெல்லாம் என் படிப்பைப் பற்றித்தான் கேட்டார். இவர் சைவமாக இருந்துவிட்டால் நல்லது, நண்டுப் பேச்சே எழாது என்று நான் உள்ளுக்குள் வேண்டிக்கொண்டு நடந்தேன். வீட்டை நெருங்கும்போதே குழம்பு வாசனை தெருவுக்கு வந்தது. “ஆஹா, நண்டா!” என்றார். தான் திருநெல்வேலிச் சீமையில் கடலோரத்துக்காரன், இது கிடைத்து எத்தனை நாளாயிற்று என்று வேறு சொன்னார். என் வேண்டுதல் அந்த லட்சணத்தில் பலித்தது.

நாற்காலியில் உட்கார்ந்து ஃபைலைத் திறந்தார். “மாசம் எவ்வளவு வரும்ங்க?” என்று நைனாவைக் கேட்டார்.

“அதுக்கு இன்னா சார் கொறச்சல்? கைய வெச்சா நண்டுதான்.”

“வருஷம் முழுக்கவா?”

“முழுக்க சார்.”

முகத்துவாரத்தை மணல் மூடிவிட்டால் ஏரியில் மாதக்கணக்கில் ஒன்றும் இருக்காது. அந்த மாதங்களில் நாங்கள் எதைச் சாப்பிட்டோம் என்று எனக்குத் தெரியும். அம்மா கதவுக்குப் பின்னால் நின்று தலையைக் குனிந்துகொண்டாள். வந்தவர் விசிறியைப் பார்த்தார், நாற்காலிகளைப் பார்த்தார், பேனாவால் ஏதோ எழுதினார். என் படிப்பு அந்தப் பேனா முனையில் போய்க்கொண்டிருந்தது.

“மொதல்ல சாப்புடுங்க சார், பேச்சு எங்க போயிடும்” என்றார் நைனா. எல்லோரும் கூட உட்கார்ந்தால்தான் சாப்பிடுவேன் என்று வந்தவர் பிடிவாதம் பிடித்தார். தரையில் வட்டமாக உட்கார்ந்தோம். அம்மா அவர் தட்டில் நான்கு கொடுக்குகளையும் வைத்தாள். தட்டில் சோற்றுக்கு இடம் இல்லை.

“வீட்டுல தினமும் இப்படித்தான் சாப்பாடா?”

“தெனமும் இப்டித்தான் சார். புள்ளைங்களுக்கு நான் கொற வெச்சதே இல்ல.”

“அப்ப நீங்களும் சாப்பிடுங்க, என்னால நாலு முடியாது” என்று ஒரு கொடுக்கை நைனாவின் தட்டிலும் இன்னொன்றை என் தட்டிலும் எடுத்து வைத்தார்.

நைனா அதைக் கையில் எடுத்தார். குஞ்சு நண்டின் காலைக் கடிக்கிற மாதிரி பல்லில் வைத்துக் கடித்தார். உடையவில்லை. பக்கத்தை மாற்றிக் கடித்தார். அப்போதும் இல்லை. விருந்தாளியைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கடைவாய்ப் பக்கம் தள்ளி இன்னொரு முறை கடித்தார். வலித்திருக்க வேண்டும், கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான் என் தட்டைப் பார்த்தேன். மனிதக் கையில் உள்ள அத்தனை எலும்புக்கும் எனக்கு அப்போது பெயர் தெரியும். இந்தக் கொடுக்கை எங்கே உடைக்க வேண்டும் என்று தெரியவில்லை.

வந்தவர் அம்மா பக்கம் திரும்பினார். “அம்மா, குழவி இருந்தா கொடுங்களேன்” என்றார். தன் கொடுக்கைத் தரையில் வைத்து, கணுவுக்கு மேலே குழவியால் ஒரு தட்டு. ஓடு விரிந்தது. அவர் ஓட்டை நீக்கியதும் வெள்ளைக் கறி முழுதாக, சிதறாமல், கட்டை விரல் கனத்தில் வெளியே வந்தது. குழம்பில் போடும் முன்பே அதைத் தட்டி வைக்க வேண்டும் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கவில்லை.

நைனா அந்தக் கறியையே பார்த்தார். சிறு பிள்ளையின் முகம் ஆகிவிட்டது அவர் முகம்.

“இவ்ளோ கறியா சார் கீது இதுல!” என்றார். பிறகு, பல நாள் சந்தேகம் தீர்ந்தவராகத் தலையை ஆட்டிக்கொண்டார். “அதான் கொடுக்கு ஒடிஞ்சத கம்பெனிக்காரன் திருப்பிப் போட்டுட்றான்.”

இருபது வருடமாக ஏரியில் நண்டு பிடிக்கிறவர். ஆயிரக்கணக்கில் பிடித்து, கட்டி, ஏற்றி அனுப்பியவர். தான் சொன்னது இன்னதென்று அவருக்கே தெரியவில்லை. வந்தவர் அந்தக் கறியை நைனாவின் தட்டில் வைத்துவிட்டு, அடுத்ததை உடைத்து என் தங்கைக்கு வைத்தார். நேற்றிலிருந்து எனக்குள் கொதித்துக்கொண்டிருந்த கோபம் அப்படியே வடிந்துவிட்டது. அந்த இடத்தில் அழுகைதான் வந்தது. காரம் என்று சொல்லித் தண்ணீர் குடித்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குத் திரும்பும்போது அவர் குடையை ஊன்றிக்கொண்டு நடந்தார். பாதி வழியில், “உங்க அப்பா சொன்ன வருமானத்தை நான் எழுதிக்கட்டுமா?” என்று கேட்டார். இதற்குத்தான் நான் காத்திருந்தேன். காலையாக இருந்தால், அவ்வளவும் பொய் சார் என்று கொட்டியிருப்பேன்.

“அவர் பொய் சொல்ற ஆளு இல்ல சார்” என்றேன். “நல்லா சம்பாதிக்கிறவன்னு தெரிஞ்சாத்தான் நீங்க குடுப்பீங்கன்னு நெனச்சிட்டாரு.”

“தெரியும்மா” என்றார். “அந்த இடத்தை நானே பார்த்து எழுதிக்கிறேன். நான் கேட்டேன்னு அவர்கிட்ட சொல்லிக்காதே.” பஸ் ஏறிய பிறகு ஜன்னல் வழியாகக் குடையை ஆட்டினார். அவர் என்ன எழுதினார் என்று எனக்குக் கடைசிவரை தெரியாது.

மாதம் முடிய நான்கு நாள் இருக்கும்போது கடிதம் வந்தது. படிப்பு முடிகிறவரை கொடுப்பதாக எழுதியிருந்தார்கள். வார்டனிடம் காட்டிவிட்டு அன்றைக்கே ஊருக்கு ஓடினேன். நைனா ஏரியிலிருந்து அப்போதுதான் கரையேறியிருந்தார், உடம்பெல்லாம் சேறு. கடிதத்தைத் தொட்டால் அழுக்காகிவிடும் என்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு, படி என்றார். படித்தேன். இன்னொரு முறை படி என்றார்.

“பாத்தியா?” என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை. “வாணாம் வாணாம்னு அந்தக் கத்து கத்துன. நம்ம வீட்ல இன்னா கொறன்னு அவரே வந்து பாத்துட்டுப் போனாரு. அதான் குடுத்துக்கீறாங்க.”

யாரிடமும் ஒரு வார்த்தை தோற்காதவள் நான். தெருவில் அத்தனை பேருக்கும் அது தெரியும்.

“ஆமா நைனா” என்றேன். “நீ சொன்னதுதான் சரி.”