ஆஃப் பண்ண மாட்டேன்

எனக்குக் காது ஒரே நாளில் போய்விடவில்லை. முதலில் குக்கர் விசில் போயிற்று. அடுத்து, போனில் மகள் பேசுவது. பிறகு கச்சேரிகளில் பாட்டின் வார்த்தைகள் பல் இல்லாத வாயிலிருந்து வருவது போல வர ஆரம்பித்தன. ஐம்பத்தாறு வயதில் அரசு ஆபீஸிலிருந்து ரிட்டயர் ஆனேன். அந்த வருஷமே இரண்டு காதிலும் மிஷின் வைத்துக்கொண்டேன்.

மிஷின் வைத்துக்கொண்டு முதலில் கேட்டது, வலியசாலை கோயில் உற்சவத்தில் ஒரு புல்லாங்குழல் கச்சேரி. வித்வான் நீளமாக ஒரு ஸ்வரத்தைப் பிடித்தால் அது நடுங்கிற்று, உடைந்தது, நடுவில் காணாமலே போயிற்று. பாவம், வயசாகிவிட்டது அவருக்கு என்று நினைத்தேன். பக்கத்தில் இருந்தவர்களோ தலையை ஆட்டி ரசித்துக்கொண்டிருந்தார்கள்.

பழவங்காடிப் பக்கம் மிஷின் விற்ற கடையில் போய்ச் சொன்னேன். அங்கே கம்ப்யூட்டரில் மிஷினைச் சரிசெய்கிற பெண் விஷயத்தை விளக்கினாள். மிஷின் சில சமயம் தானே விசிலடிக்குமாம். அதைத் தடுக்க உள்ளே ஓர் ஏற்பாடு உண்டாம். நீளமான குழல் நாதத்தையும் விசில் என்று நினைத்து அது வெட்டிவிடுகிறதாம்.

"அந்த ஏற்பாட்டை எடுத்துடு" என்றேன்.

"எடுத்தா விசிலடிக்கும் ஆன்ட்டி. ஆன்ட்டிக்கு அது கேக்காது, அடுத்து இருக்கறவங்களுக்குத்தான் கேக்கும்."

"அடிக்கட்டும். எனக்கு ஸ்வரம் முழுசா வேணும்."

எடுத்துவிட்டாள். கோயில் கச்சேரிகளில் ஒரு தொந்தரவும் வரவில்லை. குழந்தைகள் ஓடும், மணி அடிக்கும், வெளியே பஸ் ஹாரன். என் மிஷின் விசிலடித்ததோ இல்லையோ, யார் கவனித்தார்கள்?

பிறகுதான் ஊரில் அந்தப் புது அரங்கம் திறந்தது. சுவரெல்லாம் மரப்பலகை, சரிந்து இறங்கும் வரிசைகள், கழுத்துக்கு மேலே வரை உயர்ந்த மெத்தை நாற்காலிகள், ஏசி. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தம்புரா கேட்கும் என்றார்கள். நானும் என் கணவரும் டிக்கெட் எடுத்துப் போனோம். ஆறாவது வரிசையில் இடம்.

அன்று பாடியவர் கல்யாணியை விஸ்தாரமாக எடுத்துக்கொண்டார். மேல் ஸட்ஜத்தில் போய் நின்றார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு ஒரு குரலின் ஓரம் முழுவதும் எனக்குக் கிடைத்தது. நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டேன். கண்ணை மூடிக்கொண்டேன்.

முழங்கையில் ஒரு இடி விழுந்தது. கண்ணைத் திறந்தால் முன்வரிசையில் நாலைந்து பேர் என்னைத் திரும்பிப் பார்க்கிறார்கள். கணவர் வேர்த்துப்போய் என் காதருகே குனிந்திருந்தார்.

"விசிலடிக்கறது. ஆஃப் பண்ணு. எல்லாரும் பாக்கறா."

"ஆஃப் பண்ணினா நேக்குக் கேக்காதே."

"அரை மணி கேக்காட்டா என்ன இப்போ?"

அதற்குள் அரங்கத்துப் பெண் ஒருத்தி கையில் சின்ன டார்ச்சோடு வந்து குனிந்தாள். லாபியில் பெரிய டிவி இருக்கிறது, கச்சேரி அதில் நேரடியாக வரும், அங்கே போய் வசதியாக உட்காரலாம் என்று மலையாளத்தில் மிக மரியாதையாகச் சொன்னாள்.

"டிவி என்டெ வீட்டிலும் உண்டு மோளே. ஞான் போவில்லா" என்றேன்.

என் குரல் கொஞ்சம் உரக்கவே போயிருக்கவேண்டும். காது கேட்காதவர்களுக்குத் தங்கள் குரலின் அளவு தெரியாது. பின்னால் யாரோ உச்சுக் கொட்டினார்கள். மிஷின் அதை எனக்கு நன்றாகவே கேட்க வைத்தது. யாரோ மிட்டாய் உறையைப் பிரித்ததும், இரண்டு பெண்கள் சேலை விலை பேசியதும், ஒருவர் தொண்டையைச் செருமியதும் அப்படியே கேட்டன. அவர்களில் ஒருவரையும் யாரும் லாபிக்குப் போகச் சொல்லவில்லை.

கணவர் எழுந்தார். நானும் எழுவேன் என்று ஒரு கணம் நின்று பார்த்தார். நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். அவர் மட்டும் வெளியே போனார். அந்தப் பெண் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு அவளும் போய்விட்டாள்.

பாட்டு காதில் ஏறவில்லை. ஆனால் மூளை வேலை செய்தது. உள்ளங்கையால் காதை மூடினால் விசில் வரும் என்று கடைக்காரப் பெண் சொல்லியிருக்கிறாள். கோயிலில் பிளாஸ்டிக் நாற்காலி, முதுகோடு முடிந்துவிடும். இங்கே மெத்தை காதுவரை வந்து ஒட்டுகிறது. ஓஹோ, குற்றம் என் காதினுடையது இல்லை! நாற்காலியின் விளிம்புக்கு நகர்ந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். முன்வரிசைத் தலைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றும் திரும்பவில்லை. தனி ஆவர்த்தனம், துக்கடா, மங்களம் என்று மிச்சம் ஒன்றரை மணி நேரமும் அப்படியே. இடுப்பு பிளந்தது. நகரவில்லை.

முடிந்ததும் நேரே மேனேஜரின் அறைக்குப் போனேன். பையன் மாதிரி இருந்தார், நல்ல மாதிரியாகவும் இருந்தார். நடந்ததைச் சொல்லி, காதில் மிஷின் வைத்தவர்களுக்காக முதுகு தாழ்ந்த நாற்காலி நாலு போடச் சொன்னேன். மைக்கின் ஒலியை நேரே மிஷினுக்கே அனுப்பத் தரையில் கம்பி பதிக்கலாம் என்று கடையில் கேள்விப்பட்டதையும் சொன்னேன்.

"இதுவரெ ஆரும் சோதிச்சிட்டில்ல, மேடம்" என்றார். யாரும் கேட்டதில்லையாம்.

"கேட்டிருக்க மாட்டா. காது போனவா எல்லாரும் ஆத்துலேயே இருந்துடறா" என்று ஆத்திரத்தில் தமிழிலேயே சொல்லிவிட்டேன். அவருக்குப் புரிந்தது. கடைசி வரிசையில் சுவரோரமாக எனக்கு நிரந்தரமாக ஓர் இடம் தருவதாகச் சொன்னார். வேண்டாம், ஆறாவது வரிசையே போதும் என்றேன். பிறகு அவருடைய மேஜையிலிருந்த காகிதத்தை வாங்கி, கேட்டதையெல்லாம் எழுதிக் கையெழுத்துப் போட்டு, அதற்கு ஒரு நகலும் வாங்கிக்கொண்டேன். முப்பது வருஷம் ஆபீஸில் குப்பை கொட்டியவளுக்கு இதுகூடத் தெரியாதா?

வெளியே காத்திருந்த கணவரோடு ஆட்டோ ஏறினேன். வீட்டு வாசலில் இறங்கியதும், "இனிமே என்னைக் கூப்பிடாதே" என்றார்.

கூப்பிடவில்லை. அடுத்த மாதம் தனியாகப் போனேன். அதற்கடுத்த மாதமும். இரண்டு முறையும் பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தேன். நாலாவது மாதம் நான் புடவை மாற்றிக்கொண்டிருந்தபோது அவரும் சட்டையைத் தேடிக்கொண்டிருந்தார். அன்று ஒரு தோடியில் மெய்ம்மறந்து பின்னால் சாய்ந்துவிட்டேன் போலிருக்கிறது. என் புறங்கையில் இரண்டு தட்டுத் தட்டினார். நிமிர்ந்தேன். முன்னால் ஒருவர் திரும்பி முறைத்துக்கொண்டிருந்தார். அவரிடம், "மிஷினாக்கும். இப்போ நின்னாச்சு, அங்கே பாருங்கோ" என்று இவர் மேடையைக் காட்டினார்.

மேனேஜரிடமிருந்து இன்னும் பதில் இல்லை. ஒவ்வொரு மாதமும் கச்சேரி முடிந்து அவருடைய அறைக்குப் போய் நகலைக் காட்டிவிட்டுத்தான் வருகிறேன்.