ஒன்பதுக்குத் தெரியாத பதினெட்டு சென்ட்

நில அளவை ஆபீசில் பரப்புக் கணக்குப் போடுகிறவனுக்கு வயல் தெரிய வேண்டிய அவசியமில்லை. ஆறு இலக்க எண்ணைப் பார்த்துப் பயப்படாமல் இருந்தால் போதும். அடுத்தவர் பெருக்கலைச் சரிபார்த்தே கண்ணாடி மாற்றிக்கொண்ட நண்பர்களே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

எட்டு ஆகாது

உச்சவரம்புச் சட்டத்துக்காக ஒரத்தநாட்டுப் பக்கம் அளந்துகொண்டிருந்த சமயம். மருமகள் பேருக்கு எழுதிவைத்த வயலின் அளவைப் பார்க்க ஒரு மிராசுதார் வந்தார். லிங்க் என்பது அளவுச் சங்கிலியின் ஒரு கண்ணி; சதுர லிங்க்கில் இருந்த பரப்பை இலக்கம் இலக்கமாகக் கூட்டினார். எட்டு வந்தது. முகம் சுண்டிவிட்டது. கடைசி இலக்கத்தில் ஒன்று கூட்டி ஒன்பதாக்கச் சொன்னார். அந்த ஒன்று, சாணுக்குச் சாண் மண்தான். ஆனாலும் பெருக்கல் தப்பாகிவிடும் என்றேன்.

"வயல் என்னுது, நம்பர் மட்டும் கவர்மெண்டுதா?" என்றார்.

ஒன்பது பார்ப்பது

இலக்கங்களைக் கூட்டுகிற பழக்கம் எனக்கும் உண்டு, ராசிக்காக அல்ல. 407 லிங்க் நீளம், 431 லிங்க் அகலம் என்றால், முதலாவது கூட்டினால் பதினொன்று, அதாவது இரண்டு; அடுத்தது எட்டு. பெருக்கினால் பதினாறு, அதாவது ஏழு. விடையின் இலக்கங்களும் ஏழாக வந்தால் கணக்கு சரி. இதைத்தான் ஒன்பது பார்ப்பது என்போம்.

இந்த 407-க்கு 431 அளவு ஒரு வயலுடையது; அதற்கு 1,57,417 என்று எழுதியிருந்தேன். லட்சம் சதுர லிங்க் ஒரு ஏக்கர் என்பதால், ஒரு ஏக்கர் ஐம்பத்தேழு சென்ட். கூட்டினால் ஏழு. அதைச் சாகுபடி செய்த பாக்கியம் என்ற அம்மாள், குத்தகைப் பதிவு நகலோடு வந்து நின்றார். எங்கள் பக்கம் மூன்று மா ஒரு ஏக்கர். அவர் வயல் ஐந்து மாவுக்கும் குறைவாகக் காட்டியிருந்தது. தாளில் இல்லாத இடத்தை நிலத்துக்குச் சொந்தக்கார மிராசு பிடுங்கிக்கொள்வார் என்று பயந்தார். ஒன்பது பார்த்தாயிற்று, தப்பே வராது என்று நான் கொஞ்சம் அதட்டலாகவே சொன்னேன்.

"அஞ்சு மாவுக்கு நாத்து வாங்குனாலே வருஷா வருஷம் பத்தாமத்தான் போவுது சார்" என்றார்.

பதினொன்று

அவரை அனுப்பிவைப்பதற்காகத்தான் பதினொன்றும் பார்த்தேன். 407 பதினொன்றால் வகுபடும். அப்படியானால் விடையும் வகுபட வேண்டும். ஒன்றுவிட்டு ஒன்று கூட்டிக் கழித்தேன். ஒரு பக்கம் ஒன்பது, மறுபக்கம் பதினாறு. வித்தியாசம் ஏழு. வகுபடவில்லை. மறுபடி பெருக்கினேன்: 1,75,417. ஏழையும் ஐந்தையும் இடம் மாற்றி எழுதியிருக்கிறேன். பதினெட்டு சென்ட் போயிருக்கிறது. இடம் மாறினாலும் கூட்டுத்தொகை மாறாதே, ஒன்பது எப்படிக் கண்டுபிடிக்கும்?

எனக்கு வெட்கமாகிவிட்டது. திருத்தி, மேலதிகாரியிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்துவிட்டு, நடந்ததைச் சொன்னேன். பாக்கியம் சிரிக்கவில்லை.

"தலைய எண்ணுனா நடவாளு சரியாத்தான் இருக்கும் சார். யாரு எங்க நிக்கிறான்னும் பாக்கணும்ல?"

அவருக்குப் பெருக்கல் தெரியாது, எனக்கு நடவு தெரியாது. கணக்குக்காகச் சம்பளம் வாங்கியது மட்டும் நான்.